ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் தங்க எந்த விசா? குமரி மாவட்டத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூத்தவன் துபாயில், இளையவள் டொராண்டோவில். மார்த்தாண்டத்திலோ கருங்கல்லிலோ பெரிய வீட்டில் தாயும் தகப்பனும் மட்டும். குமரி மாவட்டத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்படி ஒரு வீடாவது இருக்கும். ஓய்வு பெற்ற மாதமே "இனி அங்க தனியா இருந்து என்ன செய்யப் போறீங்க, இங்க வாங்க" என்று பிள்ளைகள் அழைப்பார்கள். அப்போது எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நாடு நல்லது என்பதில் தொடங்காதீர்கள். யார் பொறுப்பில் இருக்கப் போகிறீர்கள், ஆண்டில் எத்தனை மாதம், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வர வழி இருக்கிறதா என்ற நான்குக்கும் வீட்டில் உட்கார்ந்து பதில் பேசுங்கள். விசா எது என்பது அதிலிருந்து வந்துவிடும். கீழே உள்ள தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறுபவை. பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு விசா, பெற்றோர் விசா, விசிட் விசா: என்ன வித்தியாசம்?

ஓய்வு விசா உங்கள் சொந்தப் பணத்தின் பேரில் தருவது. மலேசியா, தாய்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் இருக்கிறது. பிள்ளை அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெற்றோர் விசா, பிள்ளையின் குடியுரிமை அல்லது வருமானத்தின் பேரில் கிடைப்பது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா இந்த வகை. மூன்றாவது நீண்ட கால விசிட் விசா. இதில் நீங்கள் விருந்தாளிதான், ஆனால் சில நாடுகளில் ஆண்டுக்கணக்கில் தங்கலாம்.

நம் மாவட்டத்துப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாவதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெரிய விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அதை வைத்துக்கொள்ள அங்கேயே இருக்க வேண்டும். ஊரில் தோப்பும், கோயிலும், சர்ச்சும், சொந்தபந்தமும் உள்ளவர்களுக்கு அது எளிதல்ல.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். எங்களுக்கு க்ரீன் கார்டு எடுக்க முடியுமா?

மகன் அமெரிக்கக் குடிமகனாக இருந்து, 21 வயது நிறைந்திருந்தால் முடியும். அவனே க்ரீன் கார்டில் இருந்தால் பெற்றோருக்கு விண்ணப்பிக்க முடியாது. எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தால் பேச்சே இல்லை. குடிமகனின் பெற்றோருக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, அதனால் அண்ணன் தம்பிக்கான வரிசை போலப் பல ஆண்டுகள் இழுக்காது. அரசு நிர்ணயித்த வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதமாவது மகனுக்கு இருக்க வேண்டும். உங்களைத் தாங்குவேன் என்று அவன் கையெழுத்திட்டும் தர வேண்டும்.

கிடைப்பதைவிட, கிடைத்த பிறகு வருவதைத்தான் யோசிக்க வேண்டும். 65 வயது ஆகியிருந்தாலும், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்த பிறகே பிரீமியம் கட்டி மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர முடியும். அதுவரை தனியார் காப்பீடுதான். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினால் விமான நிலையத்தில் கேள்வி வரும். முன் அனுமதி இல்லாமல் ஓராண்டைத் தாண்டினால் கார்டே போகலாம்.

வரி விஷயம் பலர் காதில் விழுவதே இல்லை. க்ரீன் கார்டு வைத்திருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். நாகர்கோவில் கடை வாடகை, வங்கி வட்டி, ரப்பர் ஷீட் விற்ற பணம் எல்லாம் அதில் அடக்கம். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ளது மொத்தமாக 10,000 டாலரைத் தாண்டினால் அதற்கென்று தனி அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, நாலைந்து மாதம் இருந்துவிட்டு வரலாம் என்றால் விசிட்டர் விசாவே போதும். பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க விடுவார்கள்.

கனடாவில் சூப்பர் விசா என்கிறார்களே, அது நிரந்தரமா?

நிரந்தரம் இல்லை, ஆனால் மிக நல்ல ஏற்பாடு. பத்து ஆண்டுகள் வரை செல்லும். ஒரு முறை உள்ளே போனால் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து தங்கலாம். அழைக்கும் பிள்ளையோ பேரப்பிள்ளையோ கனடாக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானமும் வேண்டும். மருத்துவப் பரிசோதனை உண்டு. குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு, ஓராண்டுக்கான மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அறுபதுகளின் பின்பாதியில் சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் இந்தக் காப்பீட்டின் பிரீமியம்தான் உங்கள் முக்கியமான செலவு. விமான டிக்கெட் பார்ப்பதற்கு முன் இதற்கு விலை கேளுங்கள்.

நிரந்தரமாகப் போக பெற்றோர், தாத்தா பாட்டி திட்டம் தனியாக உண்டு. அது விண்ணப்பித்தால் கிடைப்பதல்ல, குலுக்கலில் அழைப்பு வர வேண்டும். 2020ல் பெயர் கொடுத்தவர்களிலிருந்தே ஆண்டுக்கணக்கில் அழைத்து வந்தார்கள். அழைப்பு வந்தால் பிள்ளை 20 ஆண்டுகளுக்கு உங்களைத் தாங்குவதாக உறுதி தர வேண்டும். கியூபெக்கில் மட்டும் விதி வேறு. அதை நம்பி ஊரில் எதையும் விற்றுவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு ஏன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை?

பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அந்த நாடு எண்ணிப் பார்க்கிறது. நிரந்தரப் பெற்றோர் விசா வேண்டுமென்றால் உங்கள் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அல்லது வேறெந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். ஒருவன் மெல்போர்னில், ஒருவன் துபாயில், மகள் தக்கலையில் என்றால் நாட்டுக்கு ஒருவர் ஆகிறது. மூன்றில் ஒருவர் பாதியும் இல்லை, மற்ற நாடுகளைவிட அதிகமும் இல்லை. எனவே தகுதி கிடையாது. நான்கு பிள்ளைகளில் இரண்டு பேர் அங்கே இருந்தால் பாதி, தகுதி உண்டு. நம் ஊர்க் குடும்பங்கள் பல நாடுகளில் சிதறிக் கிடப்பதால் பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்தக் கணக்கிலேயே நின்றுவிடும். முகவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

தகுதி இருந்தாலும் காத்திருப்பு கொடுமை. சாதாரணப் பெற்றோர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று அந்த நாட்டு உள்துறையே சொல்கிறது. ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டும் பங்களிப்பு விசாவும் பத்தாண்டுகளைத் தாண்டுகிறது. 65 வயதில் விண்ணப்பித்து என்ன பயன்? 870 எண் தற்காலிக விசாவில் பிள்ளைகளை எண்ணும் விதி இல்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கலாம், மொத்தம் பத்து ஆண்டுகள் வரை. கட்டணம் அதிகம்தான், ஆனாலும் நடக்கக்கூடியது இதுவே. சொந்தப் பணத்தில் ஓய்வெடுக்க வந்தவர்களுக்கு இருந்த 405 விசா 2018ல் மூடப்பட்டுவிட்டது. அதை வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

லண்டன், நியூசிலாந்து, சிங்கப்பூர்?

பிரிட்டனில் பெற்றோர் குடியேற்றம் 2012 முதல் ஏறக்குறைய மூடிய கதவு. தானாகக் குளிக்க, உடுத்த, சமைக்க முடியாத நிலை இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்பு இந்தியாவில் கிடைக்காது, அல்லது கட்டுப்படியாகாது என்றும் நிரூபிக்க வேண்டும். ஆகவே விசிட் விசாதான், ஒரு முறைக்கு ஆறு மாதம். நியூசிலாந்து 2025 செப்டம்பர் கடைசியில் பெற்றோருக்கு ஐந்தாண்டு விசிட்டர் விசா ஒன்றைத் தொடங்கியது. இன்னொரு முறை வாங்கினால் மொத்தம் பத்து ஆண்டுகள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு மாத நிலைச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால் பெற்றோருக்கு நீண்ட கால விசிட் பாஸ் கேட்கலாம். அவனுடைய வேலை போனால் பாஸும் போகும்.

நான் முப்பது வருஷம் கல்ஃபில். வேலை முடிகிறது. அங்கேயே இருக்க வழி உண்டா?

சவுதி, குவைத், கத்தாரில் பெரும்பாலானவர்களுக்கு வேலையோடு இகாமாவும் (அங்கே தங்கும் அனுமதி) முடிந்துவிடும். குளச்சல் பக்கத்திலிருந்து மீன்பிடி வேலைக்குப் போனவர்களுக்கும் அதே கதைதான். அமீரகத்தில் ஐந்தாண்டு ஓய்வு விசா ஒன்று இருக்கிறது, புதுப்பிக்கலாம். 55 வயது ஆகியிருக்க வேண்டும், 15 ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும். அதோடு 10 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து, அல்லது அதே அளவு சேமிப்பு, அல்லது மாதம் 20,000 திர்ஹம் வருமானம் இருக்க வேண்டும். துபாயில் வருமானம் 15,000 போதும். மனைவியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அங்கே வேலையில் இருப்பவர்கள் இதில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விண்ணப்பிப்பதானால் விசாவை ரத்து செய்து ஊருக்கு வருவதற்கு முன்பே பாருங்கள். அப்போது உங்கள் சேமிப்பு அங்கேயே இருக்கிறது. ஊருக்கு வந்து, பணத்தையும் கொண்டுவந்துவிட்டால், அதே 10 லட்சம் திர்ஹத்தை இங்கிருந்து அனுப்புவது வேறு வேலை. அது ஏறத்தாழ 2,72,000 அமெரிக்க டாலர். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2,50,000 டாலர்தான். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் மீதி என்று பிரிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் வசித்தபோது அங்கே சேர்த்த பணத்தையும் சொத்தையும் ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது, அதனால் எல்லாவற்றையும் அவசரமாக அள்ளிக்கொண்டு வர வேண்டாம்.

மகன் அமீரகத்தில் வேலையில் இருந்து, உங்களை அவன் ஸ்பான்சரில் அழைப்பது தனி வழி. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வருமானம், வீட்டு அளவு, காப்பீடு எல்லாம் பார்ப்பார்கள்.

பிள்ளைகளை நம்பாமல் சொந்தப் பணத்தில் போகலாம் என்றால்?

தமிழ் காதில் விழ வேண்டும், நம் சாப்பாடு கிடைக்க வேண்டும், கோயிலும் சர்ச்சும் பக்கத்தில் வேண்டும் என்றால் முதலில் மலேசியா நினைவுக்கு வரும். அங்குள்ள 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2002 முதல் இருக்கிறது, ஆனால் பலமுறை மாறிவிட்டது. பத்து வருஷம் முன்பு போனவர் சொல்லும் கணக்கு இப்போது செல்லாது. 2024ல் வந்த விதிப்படி பொதுவான பிரிவுகளில் கீழ்நிலையான வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும், குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடும் வேண்டும். விசா ஐந்து ஆண்டுகளுக்கு. சரவாக் மாநிலத்துக்குத் தனி விதி.

தாய்லாந்து செலவு குறைவு. 50 வயது, வங்கியில் 8,00,000 பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், மருத்துவக் காப்பீடு. ஓராண்டு விசா, ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். வேலை செய்யக் கூடாது. அங்குள்ள 'ஓ-எக்ஸ்' என்ற பத்தாண்டு ஓய்வு விசா குறிப்பிட்ட சில நாட்டவருக்கு மட்டும்; அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. மொழி தெரியாத ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் யோசித்துவிட்டுத்தான் குறைந்த செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

வைப்புத்தொகையை இங்கிருந்து எப்படி அனுப்புவது? பிடித்தம் உண்டாமே?

உண்டு. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரி வசூலிக்கும். மலேசியாவின் 1,50,000 டாலரை எடுத்துக்கொள்வோம். டாலர் 87 ரூபாய் என்றால் 1,30,50,000 ரூபாய். 10 லட்சம் கழித்து, மீதியில் 20 சதவீதம் 24,10,000 ரூபாய். இது செலவு அல்ல. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அனுப்பும் நாளில் கையில் இருக்க வேண்டும். தோப்பை விற்றுச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர் இங்கேதான் தடுமாறுவார்.

இன்னொன்று: அனுப்பிய பணம் எதிலும் முதலீடு ஆகாமலும் செலவாகாமலும் கிடந்தால் 180 நாளுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வெளிநாட்டு வங்கியில் வைப்பாகப் போடப் போவதை உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோப்பு, வீடு, பென்ஷன் என்ன ஆகும்?

நிரந்தரமாகப் போனால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். ஏற்கெனவே உங்கள் பெயரில் உள்ள தென்னந்தோப்பும் ரப்பர் விளையும் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் புதிதாக விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. பக்கத்து விளை பத்து சென்ட் வாங்கிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் போவதற்கு முன்பே முடியுங்கள். குமரி திருவிதாங்கூரோடு இருந்த 1956க்கு முந்தைய ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்லும் பெரியவர்கள் இருக்கும்போதே பட்டாவோடு ஒத்துப்பார்த்து வில்லங்கத்தைத் தீர்த்துவிட்டால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லைத் தகராறு வராது. பார்த்துக்கொள்ளப் பவர் எழுதிக் கொடுப்பதானால் வாடகை, வரி, பராமரிப்பு மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள், உடன்பிறந்தவராக இருந்தாலும்.

பென்ஷன் நிற்காது. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ்வுச் சான்று மட்டும் தவறக் கூடாது; இந்தியத் தூதரகத்தில் வாங்கி அனுப்பலாம்.

என்னென்ன காகிதம் முதலில் எடுக்க வேண்டும்?

எந்த விசாவாக இருந்தாலும் பெயர்ப் பொருத்தம்தான் முதல் வேலை. நம் மாவட்டத்தில் இது தீராத தலைவலி. பள்ளிச் சான்றிதழில் மேரி ஸ்டெல்லா, ரேஷன் கார்டில் ஸ்டெல்லா பாய், ஆதாரில் எம். ஸ்டெல்லாபாய், சர்ச் ஞானஸ்நானப் பதிவில் இன்னொரு பெயர். மகனுடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் எப்படி இருக்கிறதோ, அதுவும் உங்கள் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் நீங்கள்தான் தாய் என்று நிரூபிப்பதற்கே மாதங்கள் போகும். அப்பா பெயரை இனிஷியலாக மட்டும் வைத்து ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 2022 நவம்பர் முதல் அமீரகம் ஒற்றைப் பெயரோடு வரும் விசிட்டர்களை, பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்திலும் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இல்லையென்றால், ஏற்பதில்லை. குமரி மாவட்டத்துக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். திருத்தத்தை விசாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

திருமணச் சான்று அடுத்தது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது 2009 நவம்பரிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முன் மணமுடித்த பலரிடம் கோயில் ரசீதோ சர்ச் பதிவேட்டு நகலோ மட்டும் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதிந்து சான்று வாங்கலாம். பிறகு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் என்று அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்று உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் முத்திரை. அப்போஸ்டில் ஏற்காத அமீரகம் போன்ற நாட்டுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும்.

நான் போய்விட்டால் மனைவியின் விசா என்ன ஆகும்?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. ஓய்வு விசாவில் கணவர் முதன்மை, மனைவி அவரைச் சார்ந்தவர் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். முதன்மை நபர் இறந்தால் சார்ந்தவர் எத்தனை நாள் தங்கலாம், அந்த வைப்புத்தொகை யார் பெயருக்கு வரும், வீட்டை விற்க முடியுமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். மனைவிக்குப் பென்ஷனோ சேமிப்போ இருந்தால் அவரும் தனியாகத் தகுதி பெற முடியுமா என்று பாருங்கள். அமெரிக்க க்ரீன் கார்டும் கனடா சூப்பர் விசாவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஒருவர் போனால் மற்றவருடையது ரத்தாவதில்லை. அந்த நாட்டில் உங்கள் பெயரில் சொத்தோ வைப்போ இருந்தால் அங்கே செல்லுபடியாகும் உயில் ஒன்றும் வேண்டும். ஊரில் எழுதிய உயில் போதும் என்று விட்டுவிட்டால், கணவனை இழந்த துக்கத்தோடு அந்த அம்மா கோர்ட்டுக்கும் அலைய வேண்டி வரும்.

ஏஜென்ட் வேண்டுமா?

விசிட் விசாவுக்கு வேண்டாம். பிள்ளைகளே இணையத்தில் முடிப்பார்கள். பெற்றோர் விசாவுக்கு ஆலோசகரை வைப்பதானால் கனடாவுக்கு அந்த நாட்டு உரிமம், ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டுப் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டையும் அதிகாரபூர்வ இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். "உறுதியாகக் கிடைக்கும்" என்று எவர் சொன்னாலும் அங்கே பணம் கட்டாதீர்கள். அசல் நிலப் பத்திரத்தையும் பாஸ்போர்ட்டையும் அடகு போல வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

முதலில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாமா?

கட்டாயம் இருந்து பாருங்கள், அதுவும் அந்த நாட்டின் மோசமான பருவத்தில். கனடா என்றால் ஜனவரி, துபாய் என்றால் ஜூலை. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பகல் முழுவதும் தனியாக எப்படிப் போகிறது, பஸ்ஸில் ஏறி மருந்துக்கடை வரை தானாகப் போய்வர முடிகிறதா, ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாதங்களில் ஊர் வீட்டை வாடகைக்கு விட வேண்டாம். கரண்ட் இணைப்பும் ஒரு அறையும் தயாராக இருக்கட்டும். வாரம் ஒருமுறை திறந்து பெருக்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்தும் அங்கே போக வேண்டும் என்றே இருவருக்கும் தோன்றினால், அப்போது விண்ணப்பத்தை எடுங்கள்.